பரவல் வாதத்துக்கு ஒரு மறுப்பு

கருவளர்ச்சியைப் பற்றிய பாடநூல்களில் ஒரு சித்தாந்தம் அரை நூற்றாண்டாக ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல் வீற்றிருக்கிறது. ஒரே முட்டையிலிருந்து பிரிந்து பெருகிய உயிரணுக்களுள் ஒன்று பெருவிரலாகவும், அதற்குச் சற்றுத் தள்ளியிருக்கும் வேறொன்று சுண்டுவிரலாகவும் ஆகவேண்டும் என்ற செய்தி அவற்றுக்கு எவ்வாறு எட்டுகிறது என்று கேட்டால், அந்நூல்கள் தயக்கமின்றி ஒரு விடை தருகின்றன. ஓரிடத்திலுள்ள சில உயிரணுக்கள் ஒருவகைப் புரதத்தைச் சுரக்கின்றன. அப்புரதம் உயிரணுக்களின் இடைவெளியிலுள்ள நீர்மத்தில் யாருடைய ஏவலுமின்றித் தானே பரவுகிறது. ஊற்றுக்கு அருகே செறிந்தும் தொலைவில் நலிந்தும் நிற்கும் அதன் அளவைக் கொண்டு, ஒவ்வோர் உயிரணுவும் தான் இருக்கும் இடத்தை உணர்ந்து தன் கடமையை நிர்ணயித்துக்கொள்கிறது. தெருவில் நடப்பவன் மல்லிகை மணத்தின் கடுமையை வைத்துப் பூக்கடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஊகிப்பதைப் போன்ற ஏற்பாடு இது. எளிமையும் அழகும் உடையது, கணிதத்துக்கு இணக்கமானது, ஆகவே படித்தவர் மனத்தில் விரைவில் குடியேறிவிட்டது.

இச்சித்தாந்தத்தில் இரண்டு கூற்றுகள் பிணைந்து கிடக்கின்றன. செய்தி தாங்கிய புரதம் ஊற்றிலிருந்து தொலைவு செல்லச் செல்லக் குறைகிறது என்பது ஒன்று. அக்குறைவு தடையற்ற பரவலால் உண்டாகிறது என்பது மற்றொன்று. முதலாவதை நான் மறுக்கவில்லை. அது நுண்ணோக்கியின் கீழ்ப் பலமுறை பிரத்தியட்சமாகக் காணப்பட்டிருக்கிறது. இரண்டாவதோ நெடுங்காலம் வெறும் அனுமானமாக இருந்து, முதலாவதன் நிழலில் ஒதுங்கி, அதற்குரிய மதிப்பைத் தானும் பெற்றுக்கொண்டது. செறிவு சரிந்து நிற்கிறது என்று காட்டுவது, அச்சரிவை உண்டாக்கியது எது என்று காட்டுவது ஆகாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

இந்த வாதத்தின் பூர்விகம் கௌரவமானது. 1952-இல் ஆலன் டூரிங், உயிர்களின் வடிவங்களுக்கு வேதிப்பொருள்களின் பரவலும் வினையும் சேர்ந்து காரணமாகலாம் என்று கணக்கிட்டுக் காட்டி, அப்பொருள்களுக்கு மார்ஃபோஜென் என்று பெயரும் சூட்டினார். 1969-இல் லண்டனில் லூயிஸ் வோல்பெர்ட், உயிரணு தன் இடத்தைச் செறிவின் அளவால் அறிகிறது என்ற கொள்கையை, பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறப் பட்டைகளை உவமையாக்கி விளக்கினார். அடுத்த ஆண்டே பிரான்சிஸ் கிரிக், கருவிலுள்ள தொலைவுகளைப் பரவலால் கடக்க முடியுமா என்று கணக்கிட்டு, ஒரு மில்லிமீட்டர் அளவுக்குட்பட்ட தூரத்தில், சிறிய மூலக்கூறு ஒன்று சில மணி நேரத்துக்குள் நிலையான சரிவை உண்டாக்கிவிட முடியும் என்று எழுதினார். மூவரும் மகாமேதைகள். அவர்களுள் எவரும் சொல்லாத ஒன்றை அவர்கள் பெயரால் நிலைநாட்டியவர்கள் பின்னால் வந்தவர்களே.

கிரிக்கின் கணக்கு எதை நிரூபித்தது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பரவலுக்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு: தொலைவு இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும், தொலைவு பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். சிறிய தூரங்களில் மின்னலைப்போல் ஓடும் மூலக்கூறு, பெரிய தூரங்களில் நத்தையினும் மந்தமாகிறது. ஆகவே பரவலை நம்பி நடக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு; கருவிலுள்ள தொலைவுகள் அந்த எல்லைக்குள் அடங்குகின்றன என்பதே கிரிக் கண்டது. அடங்காவிட்டால் வாதம் அன்றே மடிந்திருக்கும். அடங்கியதால் அது உயிர் தப்பியது. உயிர் தப்பியதை வெற்றி என்று கொண்டாடியது பிற்காலத்தார் செய்த பிழை. ஒரு காரியம் சாத்தியம் என்று கணக்குச் சொல்வது, அக்காரியம் நடந்தது என்பதற்குச் சாட்சியாகுமா? சென்னையிலிருந்து மதுரைக்கு ஒருவன் நடந்தே போயிருக்க முடியும் என்பதால், அவன் நடந்துதான் போனான் என்று எந்த நியாயாதிபதியும் தீர்ப்பு எழுதமாட்டார். மேலும் கிரிக் கருதியது சிறிய மூலக்கூறு ஒன்றை. பின்னர்க் கண்டெடுக்கப்பட்ட செய்தியாளர்களோ பெரும் புரதங்கள்.

பரவல் வாதிகள் முதலில் கையில் எடுக்கும் ஆயுதம் பழ ஈயின் முட்டை. 1988-இல் டூபிங்கனில் வோல்ஃப்காங் டிரீவரும் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும், பைகாய்டு என்னும் புரதம் முட்டையின் தலைப்புறத்தில் மிகுந்தும் வாற்புறம் நோக்கிக் குறைந்தும் நிற்பதையும், அந்த அளவே தலையும் மார்பும் அமையும் இடங்களைத் தீர்மானிப்பதையும் காட்டினார்கள். அது தலைசிறந்த ஆராய்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் அம்முட்டைக்குள் உயிரணுக்களே இல்லை என்ற விஷயத்தைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். உட்கருக்கள் பதின்மூன்று முறை பிரியும்வரை அவற்றினிடையே சுவர் எழுவதில்லை. முட்டை முழுவதும் ஒரே குழம்பு. பைகாய்டும் வெளியே சுரக்கப்படும் புரதம் அன்று. உட்கருவுக்குள் நின்று மரபணுக்களை ஏவும் புரதம். சுவரில்லாத மண்டபத்தில் நடந்ததை, ஆயிரம் அறைகள் கொண்ட மாளிகைக்குப் பிரமாணமாகக் கொள்வது எந்த யுக்தியில் சேரும்? உயிரணு உயிரணுவோடு பேசுவதைப் பற்றி நாம் கேட்கிறோம். உயிரணுக்களே தோன்றாத இடத்திலிருந்து விடை வருகிறது.

இனி, உண்மையில் உயிரணுக்களுக்கிடையே செய்தி சுமக்கும் புரதங்களின் குணத்தை ஆராய்வோம். ஹெட்ஜ்ஹாக் என்னும் புரதம் கொலஸ்டிராலைத் தன் உடம்பில் ஒட்டவைத்துக்கொண்டு பிறக்கிறது என்று 1996-இல் கண்டார்கள். அதனோடு ஒரு கொழுப்பமிலமும் சேர்ந்திருக்கிறது. விண்ட் வகுப்புப் புரதங்களிலும் கொழுப்பமிலம் பிணைந்திருப்பது 2003-இல் வெளியாயிற்று. கொழுப்பு நீரில் கரையாது. அது உயிரணுவின் சவ்வைத் தேடி ஒட்டிக்கொள்ளும். நீரில் மிதந்து நெடுந்தூரம் போகவேண்டிய தூதனின் காலில் இப்படி ஒரு பாறையைக் கட்டிவைத்திருப்பானேன் என்று பரவல் வாதிகள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதுண்டு; அப்புரதங்களைப் போர்த்தி மறைக்கும் துணைப் பொருள்கள், சுமந்து செல்லும் நுண்குமிழிகள் என்று ஒவ்வொரு தடைக்கும் ஒவ்வொரு சமாதானத்தையும் கூறினார்கள். அவற்றுட் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் துணைப் பொருளும் குமிழியும் புகுந்த பிறகு, தானே பரவுகிறது என்ற ஆதி வசனத்தில் எஞ்சியிருப்பது எவ்வளவு?

கொழுப்பில்லாத டிபிபி என்னும் புரதத்தின் கதை இன்னும் சுவையானது. பழ ஈயின் புழுவுக்குள், பின்னால் சிறகாகப்போகும் ஓர் அடுக்கு உயிரணுக்கள் மடிந்து சிறு பையாகக் கிடக்கும். அதைச் சிறகுமுளை என்று இங்கே அழைப்போம். அம்முளையின் நடுக்கோட்டிலிருந்து டிபிபி இருபுறமும் செல்கிறது. அது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று 2007-இல் ஒரு கூட்டத்தார் அளந்து, விநாடிக்கு 0.1 சதுர மைக்ரான் என்றார்கள். 2012-இல் வேறொரு கூட்டத்தார் வேறொரு முறையால் அளந்து, ஏறக்குறைய 20 என்றார்கள். ஒரே திசு, ஒரே புரதம், இருநூறு மடங்கு வேற்றுமை! 100 மைக்ரான் தூரத்தைக் கடக்க, பின்னவர் கணக்குப்படி நான்கு நிமிடம் போதும். முன்னவர் கணக்குப்படி பதினான்கு மணி நேரம் ஆகும். ஒருவர் அளந்தது கட்டுண்டும் விடுபட்டும் தவழும் கூட்டத்தை, மற்றவர் அளந்தது அதிலிருந்து நழுவி ஓடும் சிலவற்றை என்று சமாதானம் சொல்லப்படுகிறது. நல்லது, அப்படியானால் செய்தியைச் சேர்ப்பிப்பது எந்தப் பகுதி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மேலும், இம்முளை ஒற்றை அடுக்குத் தகடு. அதன் வெளிப்புறத்தைப் புழுவின் குருதிநீர் ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கிறது. தகட்டின் நீளத்தில் மட்டும் பரவி, பக்கத்திலுள்ள வெள்ளத்தில் கலந்து போய்விடாதபடி புரதத்தைக் காத்து நிற்பது எது? காகிதத்தின்மீது வரையப்பட்ட படங்களில் இந்த மூன்றாவது பரிமாணம் இல்லாமையால் கேள்வியும் எழவில்லை.

நிற்க. மறுப்பவன் மாற்று ஒன்றையும் சொல்லக் கடமைப்பட்டவன்.

1999-இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ நிலையத்தில் ராமிரெஸ்-வெபரும் தாமஸ் கார்ன்பெர்க்கும், அந்தச் சிறகுமுளையின் ஓரத்திலுள்ள உயிரணுக்கள் சிலவற்றில் ஒளிரும் புரதத்தை ஏற்றி, உயிரோடிருக்கும் நிலையிலேயே அவற்றை நோக்கினார்கள். ஒவ்வோர் உயிரணுவிலிருந்தும், ஏறக்குறைய 0.2 மைக்ரான் பருமனுள்ள மெல்லிய இழைகள் புறப்பட்டு, இடையிலுள்ள அயலார் பலரையும் கடந்து, செய்தி பிறக்கும் நடுக்கோட்டை நோக்கியே நேராக நீண்டிருந்தன. சைட்டோனீம் என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள். இவ்வளவு காலம் இவை ஏன் கண்ணுக்குப் படவில்லை என்பதற்கும் அவர்களே காரணம் காட்டினார்கள்: திசுவைப் பதப்படுத்த வழக்கமாகக் கையாளும் மருந்துகளில் அந்த இழைகள் சிதைந்து அழிந்துவிடுகின்றன. ஒரு நூற்றாண்டாக உயிரணுவை முதலில் கொன்று, பிறகு வர்ணம் தீட்டி, அதன்பின் நோக்கிய சம்பிரதாயம், உயிரோடிருக்கும்போது மட்டுமே நீட்டப்படும் கையைக் காணாமற்போனதில் வியப்பில்லை.

முழுவதும் காணாமற்போகவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1959-இல் பிரிட்டிஷ் பூச்சியியலார் விக்கிள்ஸ்வொர்த், உயிர்வளி கிடைக்காத தோலுயிரணுக்கள் மெல்லிய இழைகளை நீட்டி, எட்டத்திலுள்ள மூச்சுக்குழல் கிளையைப் பற்றித் தம்மிடம் இழுத்துக்கொள்வதை எழுதிவைத்தார். 1961-இல் கடல்முள்ளெலியின் கருவில், இடம் தேடி நகரும் உயிரணுக்கள் நீண்ட நுண்கால்களால் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்ப்பதைப் படம்பிடித்து வெளியிட்டவர்கள் இருவர். ஒருவர் ஸ்வீடனின் குஸ்தாவ்சன், மற்றவர் சாட்சாத் லூயிஸ் வோல்பெர்ட். தம் கண்ணாலேயே உயிரணுவின் கைகளைக் கண்டவர், எட்டு ஆண்டுக்குப்பின் எழுதிய பெருங்கொள்கையில் அக்கைகளுக்கு இடமில்லாமல் போனது, கணிதத்தின் கவர்ச்சி கண்ணின் சாட்சியத்தை எவ்வளவு எளிதாக மூடிவிடும் என்பதைக் காட்டுகிறது. அவர் மீது குறை சொல்வது என் நோக்கமன்று. முதுமையில் அவரே, வெறும் பரவல் நம்பத்தக்க அளவை உயிரணுவுக்குத் தரமாட்டாது என்று வெளிப்படையாக ஐயுற்று எழுதினார். ஆசான் ஐயுற்ற பின்னும் சீடர்கள் ஐயுறாமலிருப்பது நம் மடங்களில் மட்டும் நடக்கும் காரியமன்று.

இழைகள் இருக்கின்றன, ஆனால் அவை செய்தி சுமக்கின்றன என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பது நியாயமான கேள்வி. இதற்கு விடை தந்த ஆராய்ச்சியை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

சிறகுமுளையை ஒட்டி, பூச்சியின் பறக்கும் தசைகளுக்குக் காற்றூட்டப்போகும் காற்றுப்பையின் முளை ஒன்று, மூச்சுக்குழலிலிருந்து கிளைத்து வளர்கிறது. அது வளர்வதற்குச் சிறகுமுளையிலிருந்து இரண்டு செய்திகள் வரவேண்டும்: ஒன்று டிபிபி, மற்றொன்று எஃப்ஜிஎஃப் வகையைச் சேர்ந்த புரதம். இரண்டும் சிறகுமுளையின் வெவ்வேறு இடங்களில் பிறக்கின்றன. சௌகத ராயும் கார்ன்பெர்க் முதலியோரும் 2011-இல் வெளியிட்டபடி, காற்றுப்பை முளை இருவகை இழைகளை நீட்டுகிறது. ஒருவகையில் டிபிபியை ஏற்கும் பிடிப்பான் மட்டும் இருக்கிறது, அவ்விழைகள் டிபிபி பிறக்கும் இடத்துக்கே போகின்றன. மறுவகையில் எஃப்ஜிஎஃப் பிடிப்பான் மட்டும் இருக்கிறது, அவை அந்தப் புரதம் பிறக்கும் இடத்துக்கே போகின்றன. செய்தி நீர்மத்தில் மிதந்து தானே வந்துசேருமானால், ஓர் உயிரணு இவ்வளவு சிரமப்பட்டு, இவ்வளவு பாகுபாட்டோடு, இரு திசைகளில் கை நீட்டுவதற்கு யாதொரு பிரயோசனமும் இல்லை.

2014-இல் அதே கூட்டத்தார் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். ஒளிரும் புரதம் ஒன்றை இரண்டு பாதிகளாக்கி, ஒரு பாதியைச் சிறகுமுளை உயிரணுவின் மேற்பரப்பிலும் மறுபாதியைக் காற்றுப்பை உயிரணுவின் மேற்பரப்பிலும் அமைத்தார்கள். இரண்டும் ஏறத்தாழத் தொட்டுக்கொண்டால் ஒழிய ஒளி பிறவாது. இழையின் நுனியில் ஒளி பிறந்தது. பிறகு, நரம்பணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் நியூரோகிளியன், கேப்ரீஷியஸ் என்னும் பிணைப்புப் புரதங்களைக் காற்றுப்பை முளையில் மட்டும் குறைத்தார்கள். டிபிபி சுரக்கும் உயிரணுக்களை யாரும் தொடவில்லை. அவை வழக்கம்போல் சுரந்துகொண்டே இருந்தன. இடையிலுள்ள நீர்மத்தையும் யாரும் மாற்றவில்லை. ஆயினும் இழை ஊற்றைப் பற்ற இயலாதபோது, டிபிபி காற்றுப்பைக்கு வரவில்லை, வளர்ச்சியும் குன்றியது. சுரப்பு இருந்தது, நீர்மம் இருந்தது, தூரம் மாறவில்லை. இல்லாமற்போனது தீண்டல் ஒன்றே. பரவல் வாதம் உண்மையானால் இப்பரிசோதனையில் செய்தி வந்திருக்க வேண்டும்.

பிற உயிர்களிலிருந்து கிடைத்த சாட்சியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013-இல் கோழிக்குஞ்சின் கருவில், கால் முளையிலுள்ள உயிரணுக்கள் நீண்ட இழைகளின் மீதே ஹெட்ஜ்ஹாக் துகள்களை ஏற்றிச்சென்று, எதிரே வரும் இழைகளைத் தொடுவதை மரியா பார்னாவின் கூட்டத்தார் கண்டார்கள். அதே ஆண்டில் மத்ரீதில் இசபெல் குவெரேரோவின் கூட்டத்தார், பழ ஈயில் இழைகள் எட்டும் தூரமும் ஹெட்ஜ்ஹாக் சரிவின் நீட்சியும் காலத்தாலும் இடத்தாலும் ஒத்துப்போவதைக் காட்டினார்கள். இழைகளைக் குலைத்தபோது சரிவும் குலைந்தது. இழை சுமந்தால் செறிவு படிப்படியாகக் குறைவது எப்படி என்ற ஆட்சேபத்துக்கு இதிலேயே விடை இருக்கிறது: அருகில் பல இழைகள் எட்டும், தொலைவில் சிலவே எட்டும், ஆகவே சரிவு தானே அமையும். வரிக்குதிரை மீனின் கருவில் விண்ட் புரதமும் இவ்வாறே இழை நுனியில் பயணம் செய்வதை ஸ்டெஃபன் ஷோல்ப்பின் கூட்டத்தார் 2015-இல் வெளியிட்டார்கள்.

அந்த மீனின் வரிகளைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும்; ஏனெனில் டூரிங்கின் கணிதத்துக்கு உயிருள்ள சாட்சியாக நிறுத்தப்பட்டவை மீன் வரிகளே. 1995-இல் ஜப்பானிய அறிஞர் ஷிகேரு கோண்டோ, கடல் மீன் ஒன்றின் உடல்வரிகள் வளர வளர டூரிங்கின் சமன்பாடு சொன்னபடியே நகர்வதைக் காட்டி, உலகை வியக்கவைத்தார். பரவும் பொருள்கள் இரண்டைத் தேடும் வேட்டை தொடங்கியது. வரிக்குதிரை மீனில் அந்த வேட்டை எங்கே கொண்டுபோய் விட்டது? மஞ்சள் உயிரணு நுண்கால் நீட்டிக் கறுப்பு உயிரணுவைத் தீண்ட, தீண்டப்பட்டது விலகி ஓடுவதைக் கோண்டோவின் ஆய்வுக்கூடமே 2012-இல் கண்டது. கறுப்பு உயிரணுக்களின் நெடுந்தூர உறவும் நீண்ட கிளைகளின் வழியே நடக்கிறது என்று பின்னர் அங்கிருந்தே எழுதினார்கள். 2015-இல் அமெரிக்காவில் ஏயமும் பாரிச்சியும், இளம் மஞ்சள் உயிரணுக்கள் நுனியில் குமிழி தாங்கிய நெடிய இழைகளை அனுப்பிக் கறுப்பு உயிரணுக்களுக்குச் செய்தி சொல்வதைக் கண்டார்கள். இரண்டாண்டு கழித்து, அக்குமிழிகளைப் பற்றி இழுத்துச் செல்வது விழுங்கணுக்களே என்றும் தெரியவந்தது. சமன்பாடு பொய்க்கவில்லை, அருகில் ஒருவிதமாகவும் தொலைவில் வேறுவிதமாகவும் பாதிப்பு இருந்தால் போதும், வரிகள் பிறக்கும். அந்தப் பாதிப்பைக் கொண்டுசெல்வது பரவல்தான் என்று சமன்பாடு ஒருபோதும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியவர்கள் அதன் உரையாசிரியர்கள்.

எதிர்க்கட்சியின் வலிமையான வாதங்களை மறைப்பது மறுப்புக்கு அழகன்று. 2009-இல் டிரெஸ்டனில், மீன் கருவில் எஃப்ஜிஎஃப்8 மூலக்கூறுகளின் பெரும்பகுதி உயிரணுக்களுக்கிடையே தடையின்றிப் பரவுவதைத் தனித்தனி மூலக்கூறாக எண்ணிக் காட்டினார்கள். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் திசுவில், அந்தப் புரதத்துக்குப் பரவல் மெய்யே. 2020-இல் லண்டனில் ழான்-பால் வின்சென்ட்டின் கூட்டத்தார், கருவளர்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத பச்சை ஒளிர்புரதத்தைச் சிறகுமுளையில் சுரக்கவைத்து, அதைப் பற்றும் செயற்கைப் பிடிப்பான்களையும் பொருத்தி, சிறகின் அமைப்பை ஓரளவு அதனாலேயே நடத்திக் காட்டினார்கள். இதைப் பரவல் வாதிகள் இறுதித் தீர்ப்பாகக் காட்டுகிறார்கள். எனக்கோ இது கிரிக்கின் கணக்கையே புழுவின் உடம்பில் எழுதிப் பார்த்ததாகத் தோன்றுகிறது. பரவல் போதும் என்று அது நிரூபிக்கிறது. இயற்கை அதைத்தான் கையாள்கிறது என்று நிரூபிக்கவில்லை. அதே ஆய்வுக்கூடம் 2014-இல் விங்லெஸ் என்னும் விண்ட் புரதத்தை உயிரணுவின் சவ்விலேயே கட்டிப்போட்டு, அது எங்கும் பரவ முடியாதபடி செய்தபின்னும், ஏறக்குறையச் செம்மையான சிறகுகளோடு ஈக்கள் பிறந்ததைக் காட்டியது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தப் பரிசோதனை என் கட்சிக்கும் முழுச் சாதகமன்று. சிறகுக்கு நெடுந்தூரச் செய்தியே அவ்வளவு வேண்டியதில்லை என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் விங்லெஸின் நெடுந்தூரப் பரவலே சிறகை அமைக்கிறது என்று எழுதிய பாடநூல்களுக்கு அது எவ்வகையிலும் சாதகமன்று.

இழையாவது, நீட்டலாவது, அதெல்லாம் நரம்பணுவுக்கு உரியது; சாதாரண உயிரணுவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது என்ற மனத்தடை ஒன்றும் இருக்கிறது. இதை எவரும் எழுதுவதில்லை. ஆனால் பலர் உள்ளத்தில் இருக்கிறது. நரம்பணுவுக்கும் அந்தச் சாமர்த்தியம் உண்டு என்று ஒப்புக்கொள்ளவே ஒரு காலத்தில் உலகம் தயங்கியது. நரம்பிழைகள் வழியிலுள்ள உயிரணுக்கள் ஒன்றுசேர்ந்து உண்டாவன என்று கருதியவர்கள் பலர் இருந்த நாளில், 1907-இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத்திசுவை நிணநீர்த் துளியில் வளர்த்து, ஒற்றை உயிரணுவிலிருந்து இழை வெளிப்பட்டு நீண்டு செல்வதைக் கண்ணால் காட்டிய பிறகே அவ்விவாதம் அடங்கத் தொடங்கியது. காற்றுப்பை முளையின் இழைக்குத் தேவைப்படும் பிணைப்புப் புரதங்கள் நரம்பணுக்களும் கையாள்பவையே என்பதைச் சற்றுமுன் பார்த்தோம்.

பரவல் வாதிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். உயிரணுக்கள் முழுமையாக அமைந்த ஒரு திசுவை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். கொழுப்புப் பிணைந்த செய்திப் புரதம் ஒன்றையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். சுரப்பைத் தொடாமல், ஏற்கும் உயிரணுக்களின் இழைகளையும் சுரக்கும் உயிரணுக்களின் இழைகளையும் மட்டும் அகற்றிவிட்டு, அதே தூரத்தில், அதே அளவில், அதே காலத்துக்குள் செய்தி போய்ச்சேருகிறது என்று காட்டட்டும். காற்றுப்பை முளையில் இதையொத்த சோதனை நடந்து, விடை எதிர்மாறாக வந்திருக்கிறது. அவர்கள் தேர்ந்த திசுவில் வேறு விடை வருமானால், அந்தத் திசுவளவில் இக்கட்டுரையை நான் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயார்.